பொறிக்கு இடும் கட்டளையும் தமிழில் நிற்கட்டும்!

(திருப்பூரில் தமிழன்பர்கள் கூடிய திங்கட்கூட்டமொன்றில் புலவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று யான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களிற் சிலர் வியந்திருப்பீர்கள். யாப்பும் அணியும் சொல்ல வேண்டிய தமிழாசிரியன் கணினிகளை நிறுவுவது பற்றிப் பேச வருவானேன் என்று எண்ணியிருப்பீர்கள். யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தவன்தான். அவ்வெண்ணம் பிழையென்று எனக்குக் காட்டியது நூலன்று. ஒரு தாயின் கண்ணீர். அதனை முதலில் சொல்லிவிட்டு அப்பால் செல்கின்றேன்.

நம் ஊரில் ‘சர்வர்’ என்ற சொல்லுக்கு இருபொருள் உண்டு. உணவகத்தில் தோசை கொண்டுவந்து வைப்பவரும் சர்வர். தொழிலகத்து அலுவலறையின் மூலையில் இரவும் பகலும் உறங்காமல் உறுமிக்கொண்டிருக்கும் கணினியும் சர்வர். கேட்டவர்க்குக் கேட்டதைக் கொண்டுவந்து தருவதே இரண்டின் தொழிலும். ஆகலின் அக் கணினியை ‘வழங்கி’ என்கின்றோம். ஈழத்துத் தமிழரும் நம்மவரும் ஒருங்கே ஆளும் நல்ல சொல் அது. அந்த வழங்கிக்குள் என்ன இருக்கின்றது? நூல் வரவு இருக்கின்றது; சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணியின் எடை இருக்கின்றது; அயல்நாட்டார் அனுப்பிய அளவுத்தாள் இருக்கின்றது; 2017 சூலை 1 முதல் நடப்புக்கு வந்த சரக்கு–சேவை வரியின் கணக்கு இருக்கின்றது. எல்லாவற்றினும் மேலாக, ஓவர்லாக்கிலும் பிளாட்லாக்கிலும் அமர்ந்து முதுகொடியத் தைக்கின்ற நம் பெண்களின் உருப்படிக் கூலிக் கணக்கும் அதற்குள்தான் இருக்கின்றது!

சில ஆண்டுகட்கு முன் ஒரு காரி(சனி)க்கிழமை மாலை என் பழைய மாணவன் ஒருவனின் தாய் என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். காரிக்கிழமை நம் ஊரில் கூலி நாள் என்பதை உங்களுக்கு யான் சொல்ல வேண்டுவதில்லை. அன்று அவர் வேலை செய்த தொழிலகத்தில் கூலி முழுமையாகக் கொடுக்கப்படவில்லை. வழங்கியின் வட்டு பழுதாகிவிட்டதாம். அதனை நிறுவிப் பார்த்துவந்த இளைஞர் இரண்டு திங்கள் முன்பே பெங்களூருக்கு வேறு வேலைக்குப் போய்விட்டாராம். எதனை எங்கே வைத்தார், எந்தக் கடவுச்சொல்லை எதற்கு இட்டார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. தலை பெங்களூரில் இருந்தது! காப்புப்படி ஒன்று இருந்தது. அது ஏழு திங்கள் பழையது. முதலாளி கொடியவரல்லர். கையிலிருந்த பணத்தை ஆளுக்கு இவ்வளவென்று ஒப்பப் பகிர்ந்து கொடுத்தார். ஆனால், மிகுதியாகத் தைத்தவர்க்கும் குறைவாகத் தைத்தவர்க்கும் ஒரே தொகை என்றால், கூடுதலாக உழைத்தவளின் உழைப்பு எங்கே போயிற்று? ஒன்பது நாள் கழித்து வழங்கி மீண்டும் எழுந்தது. அந்தக் கிழமையின் கணக்கு எழவேயில்லை. “நான் தைச்சதுக்குச் சாட்சி அந்தப் பொட்டி மட்டுந்தானுங்களே ஐயா!” என்று அந்தத் தாய் சொன்ன சொல் இன்றும் என் காதில் ஒலிக்கின்றது.

தோழர்களே! இதற்கு யார்மீது குற்றம் சொல்வது? பழுதான வட்டின் மீதா? வட்டு என்றேனும் பழுதாகத்தான் செய்யும். வேலை மாறிப்போன இளைஞர் மீதா? நல்ல ஊதியம் தேடிச் செல்வது அவர் உரிமை. குற்றம் ஒன்றுதான்: அறிவு ஒருவர் தலைக்குள்ளேயே நின்றுவிட்டது, ஏட்டில் ஏறவில்லை! ஏட்டுச்சுவடியைப் படியெடுக்காமல் கரையானுக்கு விட்ட தலைமுறைகளால் நாம் இழந்த நூல்கள் எத்தனை? இழந்த பின் அழுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இனியேனும் இழக்குமுன் எழுதக் கற்போம்.

இந்த உண்மையை நம் ஊரின் வெட்டும் பகுதியே நாள்தோறும் கற்பிக்கின்றது. ‘கட்டிங் மாசுடர்’ என்று நாம் அழைக்கும் வெட்டுநர் என்ன செய்கின்றார்? ஒவ்வொரு துணியிலும் புதிதாகக் கோடு போட்டுக்கொண்டிருப்பதில்லை. முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி என்று அட்டையில் ஒருமுறை வடிவம் வெட்டி வைத்துக்கொள்கின்றார். அவர் கைத்திறன் அந்த அட்டைக்குள் ஏறிவிடுகின்றது. அவர் காய்ச்சலில் படுத்தாலும் அட்டை படுப்பதில்லை. அதனை வைத்து இன்னொருவர் வெட்டினாலும் அளவு மாறுவதில்லை.

இன்னும் சொல்வேன். பொறிக்குக் கட்டளையை எழுதி வைக்கும் வழக்கமே நெசவிலிருந்து வந்ததுதான். பின்னற்பொறியை முதன்முதல் அமைத்தவர் இங்கிலாந்தின் வில்லியம் இலீ, ஆண்டு 1589. பிரான்சு நாட்டின் இலியோன் நகரத்துச் சாக்கார்டு 1804இல் துளையிட்ட அட்டைகளால் தறிக்குப் பூவேலை சொல்லிக்கொடுத்தார். நம் நெசவாளர் ‘சக்கார்டு’ என்று இன்றும் சொல்வது அவர் பெயரைத்தான். அந்தத் துளையட்டையைக் கண்டே கணக்குப்பொறிக்கும் அட்டை வழியே கட்டளையிடலாம் என்று எண்ணினார் சார்லசு பாபேசு. ஆகவே, கணினி என்பது நமக்கு அயலான் வீட்டுப் பொருளன்று, தறியின் பேரன்!

இனி, வழங்கியைத் தானே நிறுவிக்கொள்ளச் செய்வது எங்ஙனம் என்று பார்ப்போம். கையால் நிறுவுபவர் என்னென்ன செய்கின்றார்? முதலில் இயங்குதளத்தை ஏற்றுகின்றார். பயனர் பெயர்களை அமைக்கின்றார். வேண்டாத வாயில்களை அடைத்து அரண் கட்டுகின்றார். மணி பிழையாமல் ஓட வழிசெய்கின்றார். பொதுக் கோப்பறை திறந்து, யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று வரையறுக்கின்றார். இரவுதோறும் காப்புப்படி எடுக்க ஒழுங்கு செய்கின்றார். இவை ஒவ்வொன்றும் சிறு சிறு கட்டளைகளே. இவற்றை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி, ‘இப்படியே செய்’ என்று பொறியிடம் கொடுத்துவிட்டால் அது செய்துவிடும். இதுவே தன்னியக்கம். இதில் மாயமொன்றும் இல்லை.

1993இல் நார்வே நாட்டு ஓசுலோவில் மார்க் பர்கெசு என்பார் இதற்கென ஒரு கருவி செய்தார். அதன் பெயர் சிஎப் எஞ்சின். பின்னர் 2012இல் மைக்கேல் தெகான் என்பார் ஆன்சிபிள் என்னும் கருவியை வெளியிட்டார். யார் வேண்டுமாயினும் விலையின்றிப் பெறலாம். அதன் உள்நிரலையும் திறந்து படிக்கலாம். அதன் அமைப்பு மிக எளிது. எந்தெந்தக் கணினிகள் என்று ஒரு பட்டியல். அவை எந்நிலையில் இருத்தல் வேண்டும் என்று ஒரு செயலேடு. ஒரே கணினியில் அமர்ந்து ஏவினால், அது வலையத்தின் வழியே ஒவ்வொரு கணினிக்குள்ளும் சென்று பார்க்கின்றது. சொன்னபடி இருந்தால் தொடாமல் விடுகின்றது. மாறியிருந்தால் மட்டும் திருத்துகின்றது. ஆகவே செயலேட்டை ஒருமுறை ஏவினாலும் நூறுமுறை ஏவினாலும் முடிவு ஒன்றே. கையால் செய்பவன் இரண்டாம் முறை ஒன்றை மறப்பான். மூன்றாம் முறை ஒன்றை இருமுறை செய்வான். ஏடு மறப்பதில்லை.

மறதியின் விலை என்ன என்பதை உலகம் 2017 மே திங்களில் கண்டது. ‘வன்னாகிரை’ என்னும் தீநிரல் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் கணினிகளைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளே தடுமாறிப்போயின. ஆனால், அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு திங்கள் முன்பே, மார்ச்சிலேயே வெளிவந்துவிட்டது! மருந்து இருந்தும் உண்ணாதவர்களே மாட்டிக்கொண்டனர். கணினிதோறும் கையால் திருத்தம் இடுவது இயலாத வேலை. செயலேட்டில் ஒரு வரியாக அதனை எழுதி, நாள்தோறும் தானே ஏவுமாறு வைப்பது இயலும் வேலை.

சரி, இதில் தமிழுக்கு என்ன வேலை என்கின்றீர்களா? அதற்குத்தான் வருகின்றேன்.

அந்தத் தாயின் மகன் கைத்தொழிற் கல்லூரியில் படித்தவன். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அவனும் அவன் தோழர்கள் நால்வரும் ஞாயிறுதோறும் ஓரிடத்தில் கூடினர். தொழிலகங்கள் கழித்துப்போட்ட பன்னிரண்டு பழைய கணினிகளைச் செப்பனிட்டு வைத்துக்கொண்டு, வழங்கி அமைக்கும் வேலையைக் கையாலேயே செய்து பழகினர். இணையத்தில் கிடைத்தவை எல்லாம் ஆங்கிலம். ஐவரில் மூவர் தமிழ்வழியில் படித்தவர்கள். ஒரு பத்தியைப் படித்து முடிக்குமுன் ஊக்கம் வற்றிவிடும். “ஐயா, நீங்க வந்து இதத் தமிழ்ல எழுதிக் குடுக்க முடியுங்களா?” என்று என்னிடம் வந்தனர்.

யானும் சென்றேன். சென்ற முதல்நாளே புலவர்க்குரிய செருக்கோடு, நூற்றுக்கு மேற்பட்ட சொற்களை வீட்டில் அமர்ந்து ஆக்கிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றும் நான்கு அசை, ஐந்து அசை! மாணவன் பணிவோடு கேட்டுவிட்டுச் சொன்னான்: “ஐயா, சொல்லெல்லாம் நல்லாத்தானுங் இருக்குது. ஆனா ராத்திரி பன்னண்டு மணிக்கு சர்வர் படுத்துட்டா, இந்தச் சொல்ல நெனப்புல கொண்டாரவே விடிஞ்சு போயிருங்க.” அனைவரும் சிரித்தனர், யானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. வேலையைக் கையால் செய்து பாராதவன் ஆக்கும் சொல் அகரமுதலியில் உறங்கும். செய்பவன் வாயில் பிறக்கும் சொல்லே நடமாடும். மறு ஞாயிறு முதல் யானும் அவர்களோடு அமர்ந்து விசைப்பலகையைத் தட்டினேன். பிழைத்துப் பிழைத்துக் கற்றேன். அப்போது பிறந்த சொற்கள் சிறியவை: அரண், வாயில், படி, மீட்பு, ஏவல், பட்டியல், செயலேடு. தேடிப் போகாமலேயே தமிழ் வந்து நின்றது.

பிறகுதான் ஓர் உண்மை எங்களுக்குத் தெரிந்தது. இலினக்சு இயங்குதளம் பிறந்தது 1991இல். ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்ததும் அதே 1991இல். அதில் தமிழுக்கும் இடம் இருந்தது. ஆகவே செயலேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் இடும் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். பொறி அதனை மறுப்பதில்லை! ‘கூலிக் கணக்கின் காப்புப்படி எடு’ என்று தமிழில் பெயரிட்டோம். ஏவியபோது திரையில் அதே எழுத்துகள் வரிசையாக ஓடின. ஐந்தாம் வேலையில் சிவப்பாக நின்றது. தமிழ்வழி படித்த மாணவன், யாரும் சொல்லாமலேயே, “ஐயா, அரண்ல வாயில் தொறக்கலீங்க” என்றான். அதற்கு முன்பெல்லாம் சிவப்பைக் கண்டால் அவன் எழுந்து பின்னால் போய்விடுவான். அன்று முன்னால் வந்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டளைச் சொற்கள் இன்னும் ஆங்கிலமே. ஆன்சிபிளில் மாறிகளின் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். ‘எல்லாம் தமிழாயிற்று’ என்று மேடைக்காகப் பொய் சொல்ல யான் வரவில்லை. ஆனால், வேலையின் பெயர், விளக்கக் குறிப்பு, இடர் வந்தால் என்ன செய்வது என்னும் வழிகாட்டி ஆகிய மூன்றும் இன்றே தமிழில் நிற்கக்கூடியவை. அந்த மூன்றையும் எழுதாமல் விட்டது ஆங்கிலத்தின் சூழ்ச்சியன்று, நம் சோம்பல்!

எங்கள் பிழையொன்றையும் கேளுங்கள். ஒருநாள் அரணுக்குரிய வரியில் ஒரு சிறு பிழை. பன்னிரண்டு கணினிகளுக்கும் ஒரே வேளையில் ஏவிவிட்டோம். பன்னிரண்டும் உள்ளே தாழிட்டுக்கொண்டன; தொலைவிலிருந்து ஒன்றையும் திறக்க இயலவில்லை. கையால் செய்திருந்தால் ஒன்று கெட்டிருக்கும். தன்னியக்கம் ஒரே மூச்சில் பன்னிரண்டையும் கெடுத்தது! மாணவர் கலங்கினர். அங்கு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த முதிய வெட்டுநர் ஒருவர், “ஏந்தம்பி, சாம்பிள் ஓகே ஆகாம பல்க்குல போவாங்களா?” என்று கேட்டார். மாதிரி ஒப்புதல் பெறாமல் மொத்தத் துணியில் கத்தி வைக்கலாகாது என்பது திருப்பூரின் முதற்பாடமன்றோ! அன்றுமுதல் மாதிரிக் கணினி ஒன்றில் ஏவிப் பார்த்த பின்னரே மற்றவற்றில் ஏவுவது என்பது எங்கள் முறையாயிற்று.

பொறி தானே செய்தால் ஆள் வேலை போகாதா என்று உழைப்பாளர் நிறைந்த இவ்வவையில் யாரேனும் கேட்கக்கூடும். முறையான கேள்வி. 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பின்னலாடைத் தொழிலாளர் பொறிகளை உடைத்தனர். கூலிக் குறைப்பும் மட்டமான சரக்குமே அவர்கள் சினத்துக்குக் கரணியம். பொறி யார் கையில் இருக்கின்றது, அதன் பயன் யாருக்குப் போகின்றது என்பதே அன்றும் இன்றும் கேள்வி. செயலேடு வெளியூர்க் குழுமம் ஒன்றின் பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் நாம் என்றும் கைகட்டி நிற்போம். நம் இளைஞர் எழுதி, நம் மொழியில் விளக்கி, நம் ஊரில் பலர் கையில் இருந்தால், அதுவே நமக்குப் பிழைப்பாகும். இருபது பொறி வைத்துக்கொண்டு செய்கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு தொழிலகத்தார்க்குத் தனியே ஒரு கணினி வல்லுநரை வைத்துக்கொள்ள இயலாது. பத்துத் தொழிலகத்துக்கு ஓர் இளைஞர் செயலேட்டோடு சென்றால் பத்தும் பிழைக்கும், அவரும் பிழைப்பார்.

தமிழில் தொழிலறிவு நில்லாது என்பாரும் உளர். அவர்களுக்கு வரலாறு விடை சொல்லும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். அறுவை மருத்துவத்தைத் தாங்கிய மொழி அரணையும் வாயிலையும் தாங்காதோ?

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் பாருங்கள். கேரளத்தில் 2001இல் தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டம் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, மலையாள முகங்கொண்ட இயங்குதளத்தைப் பள்ளிதோறும் கொண்டு சென்றது. 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாகவும் வளர்ந்தது. நம் நிலை என்ன? சென்னை சி-டாக் ஆக்கிய ‘பாசு’ என்னும் இலினக்சு இயங்குதளம் 2007இலேயே வந்துவிட்டது. 2011இல் நம் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோசோடு பாசும் இருந்தது. எத்தனை ஆசிரியர் அதனைத் திறந்து காட்டினோம்? யான் காட்டவில்லை. தமிழ், தமிழ் என்று வகுப்பில் முழங்கிய யானே அந்தத் தமிழ்க் கதவை ஒருமுறையும் தட்டவில்லை. இதனை இந்த அவையில் ஒப்புக்கொள்ள நாணவில்லை. ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே நாணத்தக்கது.

நல்ல முயற்சிகளும் நம்மிடையே உண்டு. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இணைய இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளையும் மின்னூல்களையும் தமிழில், விலையின்றி, யாரும் படியெடுத்துப் பரப்பும் உரிமையோடு தந்துவருகின்றது. விழுப்புரத்தில் இலினக்சு பயனர் குழு ஒன்று சிற்றூர் மாணவர்க்குப் பயிற்சி தருகின்றது. பொதுமேடை ஏறாமல் உழைக்கும் அவர்களே இன்றைய தமிழ்த்தொண்டர்!

ஆகவே, இளைஞர்களே, கைவேலையாகச் சிலவற்றைச் சொல்கின்றேன். இந்தத் திங்களே தொடங்குங்கள்.

ஒன்று: பழைய கணினி ஒன்றில் இலினக்சை ஏற்றுங்கள், ஏற்றும்போது செய்த ஒவ்வொன்றையும் தமிழில் குறித்து வையுங்கள்.

இரண்டு: அந்தக் குறிப்பையே செயலேடாக்குங்கள். பின்பு கணினியை முற்றும் துடைத்துவிட்டு, செயலேட்டைக் கொண்டே மீண்டும் எழுப்புங்கள். எழாவிடில், எங்கோ ஒன்று இன்னும் உங்கள் தலைக்குள் இருக்கின்றது என்று பொருள்.

மூன்று: இரவுக் காப்புப்படியைத் தானே எடுக்கச் செய்யுங்கள், ஒரு படி வேற்றிடத்தில் இருக்கட்டும். எடுத்தேன் என்பது பாதி. திங்களுக்கொருமுறை அதிலிருந்து மீட்டுக் காட்டினேன் என்பதே முழுமை.

நான்கு: கடவுச்சொல்லைச் செயலேட்டில் வெளிப்படையாக எழுதாதீர்கள், பூட்டி வைக்கும் வழி அக்கருவியிலேயே உண்டு.

ஐந்து: யார், என்று, எதனை, ஏன் மாற்றினார் என்பதைப் பதிந்து வையுங்கள். சுவடி பதிப்பித்த சான்றோர் பாட வேறுபாடு காட்டியது போன்றது இது.

தொழிலகம் நடத்தும் பெரியோர்களே! உங்கள் வழங்கியைப் பார்ப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நாளை நீ இல்லாவிட்டால் இது எழுமா?” எழாது என்றால் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், எழுதி வைப்பதற்கு வேளையும் ஊதியமும் கொடுங்கள்.

அந்தத் தாய் வேலை செய்யும் தொழிலகத்தில் இன்று அவர் மகன் அமைத்த வழங்கிதான் ஓடுகின்றது. சென்ற ஆண்டு மழையில் மின்னழுத்தம் ஏறி அது மீண்டும் பழுதாயிற்று. மாற்றுக் கணினியில் செயலேட்டை ஏவினார்கள். உச்சிப்பொழுதில் விழுந்த வழங்கி தேநீர் வேளைக்குள் எழுந்தது. முதல்நாள் இரவு வரையிலான கணக்கு அப்படியே இருந்தது. அன்று காலைக் கணக்கை மட்டும் துண்டுத்தாளைப் பார்த்து மீண்டும் பதிந்தனர். அந்தக் காரிக்கிழமை கூலி குறையவில்லை. அவன் அப்போது ஊரிலேயே இல்லை. ஏவியவர் அலுவலறையில் கணக்கெழுதும் பெண். ஆங்கிலம் அறியாத அவர், திரையில் தமிழில் ஓடிய பெயர்களைப் படித்துப் படித்தே அதனைச் செய்து முடித்தார்.

தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதினோம், நன்று. இனி அதனைப் பொறிக்குள்ளும் எழுதுவோம். அங்கே வாழ்ந்தால்தான் நம் பிள்ளைகளின் பிழைப்பிலும் அது வாழும்.

வாழ்க தமிழ்! ஓங்குக உழைப்பு! வெல்க தமிழினம்!